உடனிருந்தவர்

“பச்ச வந்துச்சா?”

“வரலம்மா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. என் கண்ணுக்கு என்னமோ மின்னுன மாதிரி இருந்துச்சு.”

“அது பலகை வெளிச்சம். காதுக்குப் பின்னாடி இருக்கறத நான் எப்பிடிப் பாக்க? நீதான் வந்து பாக்கணும்.”

நாகவள்ளி எழுந்து போய் மகளின் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். வலது காதுக்குப் பின்னால், மிளகு ஒன்றை ஒட்டவைத்தது போல, புரிமணி கறுப்பாகக் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். தொட்டால் மட்டும் வந்துவிடுமா?

திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினாள். தேதி. பாடம்: கோணங்கள். பச்சை வரவில்லை. உடனிருந்தவர்: நாகவள்ளி, தாய்.

“வராததக்கூட எதுக்கும்மா எழுதற?” என்றாள் பவளக்கொடி. பன்னிரண்டு முடிந்த பெண். குரலில் அலுப்பு.

“மேடம் சொல்லியிருக்காக. வந்தத மட்டும் எழுதுனா அது குறிப்பு இல்லையாம், வெளம்பரமாம்.”

“மேடம் வெள்ளிக்கெழம வர்றாகல்ல?”

“வர்றாக. அதுக்குள்ள ஒண்ணாவது வரட்டும் தாயி. ஆடி பொறந்ததுலருந்து ஒண்ணுகூட வரல.”

பவளம் கைப்பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க என்ன இருந்தது? தகடுதான்.

ராமநாதபுரத்துக்கு மேற்கே, கருவேலங்காட்டை அழித்து, கண்ணுக்கெட்டிய தூரம் சூரியத் தகடு பதித்த பூமி அது. சனங்கள் அதைக் கண்ணாடிக்காடு என்பார்கள். என்பார்கள் என்றால், அப்படிச் சொல்வதற்கு அங்கே சனங்கள் இருந்தபோது சொன்னார்கள். நடுவில் ஒரு காவல் வீடு. வரிசைவரிசையாக ஊர்ந்து தகடுகளைத் துடைக்கும் வண்டி ஒன்று. பகலெல்லாம் நிழலில் நின்றுவிட்டு வெயில் தாழ்ந்தால் மட்டும் வேலைக்குக் கிளம்புவதால் பவளம் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள். வண்டியையும் மின்கணக்கையும் பார்த்துக்கொள்வது நாகவள்ளியின் உத்தியோகம். அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன். முதலில் பணமும் பேச்சும் வந்தன, பிறகு பேச்சு மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

பள்ளிக்கூடம் கிட்டத்தில் இல்லாத பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று சட்டம் இருந்தது. பாடம் சொல்வது கைப்பலகை. உட்காரவைப்பதும் எழுதிவைப்பதும் தாய். பரீட்சை என்ற ஒன்று ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எந்தக் கேள்விக்கும் பலகையே பதில் சொல்லும் என்றான பிறகு, பிள்ளைக்குப் பதில் தெரியுமா என்று யார் கேட்பார்கள்? புரிந்ததா என்றுதான் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் புரிமணி; புரிந்தால் பச்சை மின்னும்.

பவளத்துக்கு ஐந்து வயதில் அந்த மணியை ஒட்டவந்தவர் பிலோமினா மேடம். வட்டாரத்தில் வீட்டுவழிப் பிள்ளைகளை மேற்பார்க்கும் அதிகாரி. தேவகோட்டைக்காரி. அன்றைக்கு நாகவள்ளி கேட்டாள்:

“மேடம், புரிஞ்சா மணியே எழுதிக்கிருமே. பெறகு நான் எதுக்கு எழுதணும்?”

“மணிக்கு என்னம்மா தெரியும்? புரிஞ்சுச்சா இல்லையான்னு தெரியும். எதுனால புரிஞ்சுச்சுன்னு தெரியுமா? புள்ள கூட யாரு ஒக்காந்திருந்தாங்கன்னு தெரியுமா? அதுக்குத்தான் உடனிருந்தவர்னு கட்டம் போட்டிருக்கு. வேற எத விட்டாலும் அதக் காலியா விட்றாத.”

“சரிங்க மேடம்.”

“இன்னொண்ணு. வீட்டுல படிக்கவைக்கிறவங்க ரெண்டு தப்பு பண்ணுவாங்க. வாரம் முழுக்க சும்மா இருந்துட்டு ஞாயித்துக்கெழம ஒக்காந்து ஏழு நாளைக்கும் கத எழுதுவாங்க. அன்னன்னைக்கு எழுது. ரெண்டாவது, நல்லா வந்தத மட்டும் எடுத்து வைப்பாங்க. தப்பாப் போட்ட கணக்கு, பாதியில கிழிச்ச படம், எல்லாம் தேதியோட இருக்கணும். எங்கருந்து கெளம்புனோம்னு தெரிஞ்சாத்தான எங்க வந்திருக்கோம்னு தெரியும்?”

நாகவள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒருவர் இப்படி உட்காரவைத்து அவளுக்குச் சொல்லித்தந்ததே அபூர்வம். அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. பிஸ்கட் தகர டப்பாக்கள் நிறைந்து, கட்டிலடி நிறைந்து, பரண் நிறைந்தது. மகள் ஆறாம் படிக்குப் போன பிறகு பாடத்தின் தலைப்பே அவளுக்கு விளங்கவில்லை. பலகையில் இருந்த எழுத்தைப் பார்த்துப் படம் வரைவது போல எழுதிவைத்தாள். ‘பச்சை வந்தது’ என்று எழுதும்போது மட்டும் கை குளிரும்.

ஆடி முதல் தேதி பலகையில் ஒரு செய்தி வந்தது. எட்டாம் படி முடிந்ததும் பவளக்கொடி மதுரை வளாகத்தில் சேரவேண்டும். விடுதி இலவசம். வீட்டுவழியில் எட்டுக்கு மேல் கிடையாது.

அன்றிலிருந்துதான் மணி கறுத்துப்போனது.

*

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பவளம் ஒரு முக்குளிப்பானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருட்டில் பறந்து வரும் நீர்ப்பறவைகளுக்குத் தகட்டுப் பரப்பு கண்மாய் மாதிரி தெரியும். தண்ணீர் என்று நம்பி இறங்கி, மோதி, திகைத்துக் கிடக்கும்.

“அடி கிடி பட்டிருக்கா?”

“இல்லம்மா, மயக்கந்தான். தொட்டியில விடறேன்.”

சிமெண்டுத் தொட்டியில் அது மிதந்தது. ஒரு முறை முங்கி எழுந்து இருவரையும் பார்த்தது. நன்றி போலவும் இல்லை, கோபம் போலவும் இல்லை.

பிலோமினா மேடத்தின் வண்டி உச்சிவெயிலில் வந்து சேர்ந்தது.

“ரோடாம்மா இது? என் இடுப்பக் கேளு, கதகதையாச் சொல்லும். தண்ணி குடு முதல்ல. எங்க அந்தப் பெரிய மனுஷி?”

பவளம் கதவுக்குப் பின்னால் நின்றாள். மேடம் குறிப்புகளைப் புரட்டினார். கணக்குத் தாள்களைப் புரட்டினார். பிறகு தன் பலகையில் புரிமணியின் பதிவைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

நாகவள்ளியால் பொறுக்க முடியவில்லை. “என் தப்பா மேடம்? எனக்குத் தெரியாத பாடம். நான் ஒக்காரவச்ச லட்சணம் சரியில்லையோ?”

“உன் தப்பு ஒண்ணுமில்ல. இங்க வந்து பாரு. புரியாத புள்ளைக்கு இந்தக் கோடு எப்பிடி இருக்கும் தெரியுமா? தரை மாதிரி கெடக்கும். உம்மவ கோட்டப் பாரு. ஏறுது, ஏறுது, உச்சிக்குப் போற எடத்துல பொத்துனு விழுது. ஒவ்வொரு நாளும்.”

“அப்பிடின்னா?”

“நெஜமாப் புரியறப்ப மனசு ஒரு துள்ளு துள்ளும்மா. சந்தோஷத் துள்ளல். மனப்பாடத்துக்கு அது வராது. மணி அதத்தான் புடிக்குது. உம்மவளுக்கு எல்லாம் புரியுது. துள்ளப் போற நேரத்துல யாரோ வெளக்க வாயால ஊதுன மாதிரி அணைச்சிர்றா. வர விடாம பண்றா.”

“அது எப்பிடி மேடம் முடியும்?”

“எனக்கும் தெரியலையே. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பாத்ததில்ல. ஏ பவளம், இங்க வா. நீயே சொல்லு, என்ன பண்ற?”

பவளம் வந்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்க்காமல், மேடத்தின் செருப்பைப் பார்த்துச் சொன்னாள்.

“புரியப் போற மாதிரி இருக்கும்ல, அப்ப அம்மாவ நெனைச்சுக்குவேன். நான் போனப்புறம் இந்த அடுப்படியில ஒத்தையில ஒக்காந்து சாப்பிடற மாதிரி. ஒரே தட்டு, ஒரே டம்ளர். உடனே அணைஞ்சிரும்.”

வெளியே தொட்டியில் பறவை முங்குகிற சத்தம் கேட்டது.

“யாருடி உனக்கு இதெல்லாம் சொன்னது?” நாகவள்ளி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீதான். அன்னைக்கி மதுரைலருந்து செய்தி வந்துச்சுல்ல. நீ வெளியில போயித் துரைகிட்டப் பேசுன. ‘அவளும் கெளம்பிட்டா, இனிமே நீயும் நானுந்தான்டா, ரெண்டு பேருக்கும் சேத்து எவ்வளவு அரிசி போட’ன்னு. நான் கேட்டேன்.”

வண்டியிடம் பேசியதை ஒருத்தி கேட்டிருப்பாள் என்று நாகவள்ளி நினைத்ததே இல்லை. அது என்ன மனிதனா, கேட்டதைச் சொல்ல!

மேடம் தொண்டையைச் செருமினார். “நாகவள்ளி, வெளிப்படையா பேசுறேன். பச்சை வராம இப்பிடியே போனா, தாய்க்குப் பாக்கத் தெரியலன்னு சொல்லித் தேங்குன புள்ளைங்க விடுதிக்குக் கொண்டுபோயிருவாங்க. அங்க போனா மேல வர்றது கஷ்டம். நான் ஒண்ணு செய்யலாம். மணி பழுதுன்னு எழுதிர்றேன். மாத்து மணி வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு வருஷம் உங்கூடவே இருப்பா.”

ஒரு வருஷம். ஒரு வருஷம் இரண்டு தட்டு. நாகவள்ளிக்குப் பசித்தவளுக்குச் சோற்று வாசம் வந்தது போல இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். கண் பரண்மேல் போனது. முதல் டப்பாவில் பவளம் தலைகீழாக எழுதிய ‘அ’ கிடக்கிறது, தேதியோடு. அத்தனை டப்பாவிலும் ஒரு பொய் கிடையாது.

“வேணாம் மேடம். இல்லாதத எழுதாதீக.”

“என்னயத் தொரத்துற,” என்றாள் பவளம்.

“இல்ல தாயி.”

“தொரத்துறதான்.”

நாகவள்ளி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். மேடமும் இடுப்பைப் பிடித்தபடி பின்னால் வந்தார்.

“இந்தக் குருவியப் பாரு. இத இங்கனயே வச்சுக்குவோம். தெனம் மீனு வாங்கிப் போடுவோம். என்ன இப்ப?”

“அதெப்பிடி? அதுக்கு ஓட எடம் பத்தாதும்மா. அது மத்த குருவி மாதிரி இல்ல. தண்ணி மேல ரொம்ப தூரம் ஓடித்தான் எந்திரிக்கும். தொட்டியில எப்பிடி ஓடும்? கம்மாயில விட்டாத்தான்…” பவளம் நிறுத்தினாள். “நீ என்னயச் சொல்ற.”

“நான் குருவியச் சொன்னேன்.”

“பொய்யி.”

“சரி, பொய்யி.”

பவளம் அழுதாள். “நீ ஒத்தையிலதான சாப்பிடுவ.”

“ஆமா. சாப்பிடுவேன். கொழம்பு மிஞ்சும், மறுநாளும் அதையே சாப்பிடுவேன். அதுக்கு நீ எதுக்குடி புரியறத எல்லாம் ஊதி அணைக்கற? பாவி, ஒரு நாளா ரெண்டு நாளா! நான் மூணு வருஷமா புரியாத பாடத்துக்கெல்லாம் குறிப்பு எழுதறேன். என்னன்னே தெரியாம, நீ சிரிச்சா நானும் சிரிச்சு… உனக்குப் புரிஞ்சத எனக்கு யாரு சொன்னா? போயிப் படி. படிச்சிட்டு எனக்குச் சொல்லு.”

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். “நாகவள்ளி, நீ எத்தன வரைக்கும் படிச்ச?”

“அஞ்சு.”

“அப்ப ஆறுலருந்து எட்டு பாக்கி. வீட்டுவழிச் சட்டத்துல வயசு வரம்பே போடல. போட மறந்துட்டாங்க, நீ யாருக்கும் ஞாபகப்படுத்தாத. உன்னய மாணவியாப் பதிஞ்சு, இவள ஆசிரியையாப் போட்டுர்றேன்.”

“மதுரையில இருந்துக்கிட்டா?”

“கேளு. விடுதியில ஞாயித்துக்கெழம பத்து நிமிஷந்தான் வீட்டுக்குப் பேச விடுவாங்க. ஆனா வீட்டுவழி ஆசிரியைன்னு பேர் இருந்தா தெனம் ஒரு மணி நேரம் குடுத்தே ஆகணும். சட்டம்.”

பவளம் மூக்கை உறிஞ்சினாள். “அப்ப நாந்தான் டீச்சரா? அம்மாவுக்கு நான் குறிப்பு எழுதணுமா?”

“தப்பையும் சேத்து எழுதணும்,” என்றார் மேடம்.

“அது நெறைய வருமே!”

“அடி கழுத,” என்றாள் நாகவள்ளி.

பவளம் சிரித்துவிட்டாள். காதுக்குப் பின்னால் முடிக்கு நடுவில் பச்சை மின்னி நின்றது.

நாகவள்ளி உள்ளே ஓடினாள். தேதி போட்டாள். பாடம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘தொட்டியடியில் பேசியது’ என்று எழுதினாள். பச்சை வந்தது. உடனிருந்தவர் என்ற கட்டத்தில் முதல்முறையாக இடம் பத்தவில்லை. நாகவள்ளி, தாய். பிலோமினா மேடம். ஒரு முக்குளிப்பான்.

*

“யம்மா, மறுபடியும் சொல்லு. முக்கோணத்துல மூணு கோணத்தையும் கூட்டினா?”

“நீ சொன்னதச் சொல்லவா, எனக்குத் தோணுறதச் சொல்லவா?”

“உனக்கு என்னம்மா தோணும்?”

“அது முக்கோணத்தப் பொறுத்ததுன்னு தோணுது. பெரிய முக்கோணம்னா கூடத்தான இருக்கும்?”

“ஐயோ. இதையும் எழுதறேன். ‘மாணவி வாயாடுகிறார்.’ ”

மதுரைக்குப் போன பவளம் தினமும் மாலையில் பலகையில் வந்தாள். நாகவள்ளி சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பாடத்துக்கு உட்காருவாள். மாணவியாகப் பதிந்தபோது மேடம் நாகவள்ளிக்கும் ஒரு புரிமணி ஒட்டியிருந்தார். அதில் முதல் பச்சை வந்த அன்று இருவரும் ஒரே சத்தமாகக் கத்தினார்கள். காதுக்குப் பின்னால் மணி இருந்ததால், அது மின்னுவதைப் பார்க்க நாகவள்ளி இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே மாட்டியிருந்தாள். நடுவில் நின்று தலையைச் சாய்த்தால் தெரியும். மகளின் மணியைப் பார்க்க அன்று ஒரு ஆள் இருந்தது.

பவளம் தன் கதைகளும் சொன்னாள். நஸ்ரீன் என்று ஒருத்தி. லூர்து என்று ஒருத்தி. “நேத்து சாப்பாட்டு ரூம்புல நஸ்ரீன் சிரிச்ச சிரிப்புக்கு வார்டனே ஓடி வந்துட்டாங்கம்மா. நாங்க எட்டுப் பேர் ஒரே பெஞ்சு. எடமே பத்தாது.”

“பின்னால சத்தமே காணமே தாயி?”

“உள்ள ஒரே கூச்சல்மா. அதான் மாடிப்படிக்கு வந்துட்டேன்.”

எப்போதும் அதே மாடிப்படிதான். பின்னால் அதே வெள்ளைச் சுவர். நாகவள்ளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டை எடுக்கும்போதெல்லாம் அந்த பெஞ்சைத்தான் நினைத்துக்கொள்வாள். எட்டுப் பெண்பிள்ளைகள், இடித்துக்கொண்டு, ஒருத்தி தட்டிலிருந்து ஒருத்தி எடுத்துத் தின்றுகொண்டு. நினைத்தால் சோறு இறங்கும்.

லீவுக்கு வந்தபோது பவளம் உயர்ந்திருந்தாள். பேச்சுக் குறைந்திருந்தது. வயதுக்கு வந்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஆறாம் படி போனது, ஏழு போனது. எட்டும் ஏறக்குறைய முடிந்து, ஒரே ஒரு பாடத்தில் வந்து நின்றது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ்.

“அது எப்பிடிடி? இல்லாதத இல்லாததால பெருக்கினா இருக்கறது வருமா? உலகத்துல எங்கயாவது உண்டா?”

“உண்டும்மா. நான் நாலு விதமாச் சொல்லிட்டேன்.”

“நீ சொல்றப்ப தலையாட்டுறேன். உள்ள எறங்க மாட்டேங்குதே.”

அந்த வாரம் பிலோமினா மேடம் கூப்பிட்டார். ஓய்வுபெறப் போகிறவர். “நாகவள்ளி, அந்த ஒரு பச்சை வந்துட்டா உன் எட்டாம் படி முடிஞ்சிரும். முடிஞ்சா பதிவ மூடிருவாங்க. அவளுக்கும் அந்த ஒரு மணி நேரம் போயிரும். மறுபடி ஞாயித்துக்கெழம பத்து நிமிஷந்தான். சொல்லி வைக்கணும்ல, அதான் சொன்னேன். அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவசரம் ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

அன்று மாலை மகளிடம் இதைச் சொன்னாள். பவளம் சிறிது நேரம் எதையோ தேடுவது போலக் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, “நல்லதுதானம்மா. வெரசா முடி. எனக்கும் நெறைய வேல இருக்குல்ல. நஸ்ரீனெல்லாம் காத்துக்கிட்டு இருப்பா,” என்றாள்.

“ஆமா தாயி. இருக்கும்ல,” என்றாள் நாகவள்ளி.

*

மார்கழியில் ஒரு விடியலில் தகட்டு வரிசைக்கு நடுவே இன்னொரு முக்குளிப்பான் கிடந்தது. நாகவள்ளி அதை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். தொட்டியில் தண்ணீர் அரைவாசிதான் இருந்தது. கொஞ்ச நாளாகக் குழாய் ரிப்பேர். வெயிலில் வற்றிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் உப்புத் தண்ணீர். வற்ற வற்றச் சுவரில் வெள்ளை வளையம் விட்டுக்கொண்டே இறங்கும். நேற்றைய வளையம், முந்தாநாள் வளையம், அதற்கு முந்தின வளையம்.

பறவையை விட்டாள். அது மிதந்தது. இவள் சும்மா வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளாக ஆகக் குறையுது. அது ஒரு மைனஸ்.

நாளைப் பின்னுக்குத் தள்ளிப் போனா? அதுவும் மைனஸ்தானே.

பின்னுக்குப் போகப் போக, கண் மேலே மேலே ஏறியது. நேற்று இதைவிட அதிகம். முந்தாநாள் இன்னும் அதிகம். குறைந்துகொண்டே வருகிற ஒன்றில் பின்னால் நடந்தால், கூடிக்கொண்டே போகும். அடி ஆத்தா. இதைத்தானா நாலு விதமாகச் சொன்னாள்! இந்த வீட்டிலும் அப்படித்தானே. இன்றைக்கு ஒருத்தி. பின்னால் போனால் இரண்டு பேர். அதற்கும் பின்னால் மூன்று.

மார்பில் அந்தத் துள்ளல் கிளம்புவது அவளுக்கே தெரிந்தது.

வேண்டாம். ஐயோ, வேண்டாம். இப்போது வந்துவிட்டால் மாலையில் மகள் முகம் ஏது?

மகள் செய்த வித்தையை அவளும் செய்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பவளம் ஒத்தையில் உட்கார்ந்து சாப்பிடுவது போல நினைக்கப் பார்த்தாள். ஒரே தட்டு, ஒரே டம்ளர். ஆனால் நினைப்பு நிற்கவில்லை. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நஸ்ரீன் வந்து உட்கார்ந்தாள். லூர்து வந்து இடித்தாள். எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். ஒரே சிரிப்பு, ஒரே கூச்சல். துக்கம் எங்கிருந்து வரும்?

உள்ளே போய் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நின்று தலையைச் சாய்த்தாள். நரைத்த முடிக்கு நடுவில் பச்சை நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அணையும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு பறவையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு நடந்தாள். தண்ணீரில் விட்டதும் அது கால்களை அடித்துக்கொண்டு ஓடியது. ஓடி, ஓடி, இனி முடியாது போல என்று நினைத்த இடத்தில் எழுந்துவிட்டது. இவள் கையைத் தட்டினாள். கேட்க ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து குறிப்பை எழுத உட்கார்ந்தாள். எழுதாமல் விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. மணியில் பதிந்தாலும், ஆசிரியை தூரத்தில் என்பதால் மாணவி தன் கையால் எழுதும் குறிப்பும் இல்லாமல் படி முடியாது. பத்து நாள் கழித்து எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? பரணைப் பார்த்தாள். அன்னன்னைக்கு எழுது என்று முதல்நாள் சொன்ன சொல் அங்கே டப்பா டப்பாவாக இருந்தது.

தேதி. பாடம்: மைனஸ் பெருக்கல் மைனஸ். தொட்டியில் உப்பு வளையத்தைப் பார்த்துப் புரிந்தது. பச்சை வந்தது.

உடனிருந்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ‘எவருமில்லை’ என்று எழுதினாள். அது பொய் என்று தோன்றியது. அடித்துவிட்டு, ‘ஒரு முக்குளிப்பான்’ என்று எழுதினாள்.

சோற்றைப் போட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மாலையில் பலகை ஒலித்தது. அதே மாடிப்படி. அதே வெள்ளைச் சுவர்.

“பச்ச வந்துச்சாம்மா?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் மை காய்ந்துவிட்டது.

“வந்துச்சு தாயி. காலையில. தொட்டியடியில ஒக்காந்திருந்தேன். நீ சொன்னதெல்லாம் மொத்தமா வந்து எறங்கிருச்சு. எழுதிட்டேன்.”

சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தாள். கத்துவாள், நஸ்ரீனைக் கூப்பிட்டுச் சொல்வாள், எட்டுப் பேரும் வந்து பலகைக்குள் தலையை நீட்டுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னத்தா, சத்தத்தையே காணோம்? நஸ்ரீனக் கூப்பிடு, நானும் ஒரு நாளு பாக்கறேன்.”

பவளம் குனிந்தாள். அப்போதுதான் படிக்கட்டில் அவள் காலடியில் இருந்தது நாகவள்ளிக்குத் தெரிந்தது. ஒரு தட்டு. ஒரு டம்ளர். தட்டில் சோறு ஆறிப்போய்த் தொடாமல் கிடந்தது. இத்தனை நாளும் பலகைக்குக் கீழே, பார்வைக்கு எட்டாமல் இருந்திருக்கிறது. இவளோடு சேர்ந்து சாப்பிட.

“பவளம்…”

“ஏம்மா வர விட்ட?” என்றாள் பவளம்.